போன் நம்முடையது, மதகு யாருடையது? ஆண்ட்ராய்டு உரிமமும் போட்டிச் சட்டமும்: கடையில் கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் கைப்பேசி விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்கிற சின்னக் கடை என்னுடையது. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு உரிம நிபந்தனைகளுக்காகக் கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்த செய்தி வந்ததிலிருந்து, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பலரும் பல விதமாகக் கேட்டுவிட்டார்கள். தங்கை மகள் திருச்சியில் சட்டம் படிக்கிறாள். ஐப்பசி அடைமழையில் கடைக்கு ஆள் வராத நாட்களில் அந்த உத்தரவை அவள் படித்துச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு மேல்முறையீட்டில் நடந்ததையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த போனில் பிளே ஸ்டோரே இல்லை. போலி போனா?

பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாமா கேட்டது. போலி இல்லை மாமா, அசல் ஹுவாவே போன்தான். 2019 மே மாதம் அமெரிக்க அரசு அந்த நிறுவனத்தை வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கப்புறம் வந்த அதன் புதிய மாடல்களில் கூகுளின் செயலிகள் கிடையாது. கேமரா பிரமாதம், பேட்டரி இரண்டு நாள் நிற்கும். ஆனால் உழவன் செயலியைப் போடலாம் என்று வழக்கம்போலத் தேடினால் தேடுவதற்கான கடையே அதில் இல்லை.

கைப்பேசிச் சந்தையில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் அந்தப் போனைத்தான் காட்டுவேன். உள்ளே ஓடியது அடிப்படை ஆண்ட்ராய்டுதான். அதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. அப்படியும் போன் பாதி ஊமையாகிவிட்டது.

ஆண்ட்ராய்டு இலவசம் என்கிறார்களே, அப்புறம் உரிமம் எதற்கு?

ஆண்ட்ராய்டு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு அடுக்கு. கீழே இருப்பது மூலநிரல். கூகுள் 2005இல் ஆண்ட்ராய்டு என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது, 2007இல் பல கைப்பேசி நிறுவனங்களோடு கூட்டணி அமைத்து அறிவித்தது, 2008இல் முதல் போன் வந்தது. இந்த மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், காசு கொடுக்க வேண்டாம். அமேசான் தன் ஃபயர் டேப்லெட்டுகளுக்கு இதைத்தான் எடுத்து மாற்றிக்கொண்டது.

மேல் அடுக்கு கூகுளின் சொந்தச் சொத்து: பிளே ஸ்டோர், கூகுள் தேடல், குரோம், யூடியூப், மேப்ஸ், ஜிமெயில். இவற்றோடு கண்ணில் படாத பிளே சர்வீசஸ் என்ற ஒன்றும் உண்டு. அறிவிப்பு வருவது, இடம் காட்டுவது, கூகுள் கணக்கால் உள்நுழைவது என்று பல செயலிகள் அதை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆறு பொது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் இறங்க மதகு திறக்க வேண்டும். ஆற்றில் கரைபுரண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கடைமடையில் பயிர் காய்வதை நாம் பார்த்ததில்லையா? மூலநிரல் ஆறு என்றால் பிளே ஸ்டோரும் பிளே சர்வீசஸும் மதகு.

அப்படி என்னதான் ஒப்பந்தம் போட்டார்கள்?

வழக்கின் உயிரே இங்கேதான் இருப்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். முக்கியமாக மூன்று ஒப்பந்தங்கள்.

முதலாவது, செயலி விநியோக ஒப்பந்தம். ஆங்கிலச் சுருக்கத்தில் 'மாடா' என்று வரும். கடைப் பையன் "மாடாண்ணே, ஆடாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனான். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுள் செயலிகளின் முழுக் கட்டையும் போனில் ஏற்றியே விற்க வேண்டும், தேடல் பெட்டி முகப்புத் திரையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது சாரம். தேவையானதை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது.

டெல்டாவில் இது யாருக்கும் புதிதில்லை. 45 கிலோ யூரியா மூட்டை அரசு விலையில் 266 ரூபாய் 50 காசு. அந்த விலையில் விற்பவருக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அதனால் சம்பா மேலுரம் போடுகிற நேரத்தில், நாம் அவசரத்தில் நிற்கும்போது, "இந்த நுண்ணூட்டப் பாக்கெட்டையும் எடுத்தால்தான் யூரியா" என்பார்கள். இணைப்பொருள் கட்டாயம் என்று ஒவ்வொரு பருவமும் புகார் எழுகிறது. எனக்கும் ஒரு கடையில் நேர்ந்தது. அந்தப் பாக்கெட் இன்னும் பரணில் கிடக்கிறது. யூரியாவுக்கு விலை உச்சவரம்பு அரசு வைத்தது. ஆண்ட்ராய்டுக்கு விலை பூஜ்யம் என்று வைத்தது கூகுள் தானே வைத்தது. ஆனால் இரண்டிலும் லாபம் வருகிற இடம் ஒன்றுதான்: கூடவே கட்டி அனுப்புகிற பொருள். கூகுளுக்கு அந்தப் பொருள் தேடல். தேடினால் விளம்பரம், விளம்பரத்தால் வருமானம்.

இரண்டாவது, பிளவு தடுப்பு ஒப்பந்தம். கூகுள் ஏற்காத வகையில் மாற்றப்பட்ட ஆண்ட்ராய்டு ஓடுகிற கருவிகளைத் தயாரிக்க மாட்டோம், விற்க மாட்டோம் என்று கையெழுத்திட வேண்டும். ஒரு மாடலுக்கு மட்டும் அல்ல, அந்த நிறுவனத்தின் எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து. ஒருவரிடம் ஒட்டு ரக விதை வாங்கிப் பத்து மா விதைக்கிறீர்கள் என்று வையுங்கள். மீதி இரண்டு மாவில் மாப்பிள்ளைச் சம்பா போட்டால் பத்து மாவுக்கும் விதை கிடையாது என்று அவர் சொன்னால் எப்படி இருக்கும்? திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் அப்படிப் பேசியிருந்தால் மேடையை விட்டு இறங்க முடியாது. என்னைக் கேட்டால் மூன்றில் மிகக் கடுமையானது இதுதான். இணைப்பொருளை வாங்கிப் பரணில் போட்டுவிடலாம். விதைக்கவே கூடாது என்றால் புது ரகம் எங்கிருந்து வரும்?

மூன்றாவது, வருவாய்ப் பகிர்வு. போட்டித் தேடுபொறியை முன்கூட்டியே ஏற்றாமல் இருந்தால் விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு. கசக்கிற மாத்திரைக்குக் கூடக் கொடுக்கிற வெல்லம்.

பெரிதாக வளர்ந்ததே குற்றமா?

இல்லை. 1969ஆம் ஆண்டின் ஏகபோகச் சட்டம் பெரிய அளவையே சந்தேகத்தோடு பார்த்தது. அதன் இடத்துக்கு வந்த 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நான்காவது பிரிவு தடுப்பது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதை மட்டுமே. நியாயமற்ற நிபந்தனை விதிப்பது, மற்றவர் சந்தைக்குள் வரவிடாமல் தடுப்பது, ஒரு சந்தையில் உள்ள பலத்தை வைத்து இன்னொன்றைப் பிடிப்பது போன்றவை அதில் வரும். ஊரில் ஒரே ரைஸ் மில் வைத்திருப்பது தவறில்லை. என் மில்லில் அரைத்தால் தவிட்டை என்னிடமே விற்க வேண்டும் என்று சொல்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஐபோன் இருக்கிறதே, போட்டி இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி. கூகுளும் இதையே வாதாடியது. ஆணையம் பார்த்த விதம் வேறு. ஆப்பிள் தன் இயங்குதளத்தை வெளியாருக்கு உரிமம் கொடுப்பதில்லை. சாம்சங்கோ ஷாவோமியோ போய்க் கேட்டாலும் கிடைக்காது. ஆகவே ஒரு கைப்பேசித் தயாரிப்பாளரின் இடத்தில் நின்று பார்த்தால் ஐபோன் இயங்குதளம் அவருக்கு மாற்றே கிடையாது. "உரிமம் பெறக்கூடிய இயங்குதளங்கள்" என்று சந்தையை வரையறுத்தால் ஆண்ட்ராய்டு தனியாக நிற்கிறது. ஆண்ட்ராய்டு செயலிக் கடை, பொதுத் தேடல், உலாவி, இணையக் காணொளித் தளம் என்று மேலும் நான்கு சந்தைகளையும் ஆணையம் எடுத்துக்கொண்டது.

போட்டிச் சட்ட வழக்குகளில் பாதிச் சண்டை இந்த வரப்புச் சண்டைதான். வரப்பை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஆள் மிராசுதாராகவும் தெரிவார், குத்தகைக்காரராகவும் தெரிவார்.

எங்கள் கடைக்கு இந்த வாதம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பத்தாயிரம் ரூபாய்க்குள் போன் கேட்டு வருபவரிடம் ஐபோனைக் காட்டி என்ன பயன்?

இந்தியாவில் வழக்கு எப்படி வந்தது, இப்போது எங்கே நிற்கிறது?

பெரிய கம்பெனி யாரும் தொடங்கவில்லை. மூன்று தனிநபர்கள் கொடுத்த தகவலின் பேரில் 2019 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2022 அக்டோபர் 20 அன்று 1,337.76 கோடி ரூபாய் அபராதமும், கூடவே கூகுள் என்னென்ன செய்யக் கூடாது என்று பத்துக் கட்டளைகளும் வந்தன. ஐந்தே நாளில், பிளே ஸ்டோர் கட்டண முறை தொடர்பான தனி வழக்கில் இன்னொரு 936.44 கோடி.

மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடை தர மறுத்தது. 2023 ஜனவரி 19 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்து, அபராதத்தில் பத்து சதவீதத்தைக் கட்டச் சொன்னது. ஐரோப்பியத் தீர்ப்பைப் பார்த்து எழுதிவிட்டார்கள் என்றுகூடக் கூகுள் வாதாடியது. மார்ச் 29இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தந்த தீர்ப்பில் அபராதம் அப்படியே நின்றது. கட்டளைகளில் ஆறு நின்றன, நான்கு ரத்தாயின.

நின்றவற்றில் முக்கியமானவை: செயலிக் கட்டைத் தயாரிப்பாளர் மீது திணிக்கக் கூடாது, பிளே ஸ்டோர் உரிமத்தைத் தேடலோடும் குரோமோடும் முடிச்சுப் போடக் கூடாது, பிளவு தடுப்பு நிபந்தனை கூடாது, மற்றவரை ஒதுக்குவதற்காகப் பணம் கொடுக்கக் கூடாது, புதுப் போனைத் தொடங்கும்போதே தேடுபொறியைத் தேர்ந்தெடுக்க விட வேண்டும்.

ரத்தானவை: முன்பே ஏற்றிய செயலிகளை நீக்கவிடுவது, வேறு செயலிக் கடைகளைப் பிளே ஸ்டோருக்குள் அனுமதிப்பது, வெளியிலிருந்து நேரடியாகச் செயலி இறக்குவதைக் கட்டுப்படுத்தாமல் இருப்பது, பிளே சர்வீசஸ் இணைப்பு நிரல்களை எல்லாருக்கும் திறந்துவிடுவது. கவனித்தால், மதகைத் தொட்ட கட்டளைகள்தான் பெரும்பாலும் போயின. தங்கை மகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தங்களை உடைத்ததே பெரிய விஷயம் என்பது அவள் கட்சி. பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

கூகுள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் ஆண்ட்ராய்டைத் தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டியிருந்தால், ஒரு போனில் ஓடும் செயலி இன்னொன்றில் ஓடாது. அந்தக் காலத்து ஜாவா போன்களில் ஒரே விளையாட்டை மாடலுக்கு மாடல் தனியாகத் தேடி இறக்கிய கொடுமை எனக்கு நினைவிருக்கிறது. மூலநிரலை இலவசமாகக் கொடுத்ததால்தான் ஐயாயிரம் ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் வந்தது, வயல் வரப்பில் நின்று வானிலை பார்க்க முடிகிறது. போட்டியாளரின் செயலியையும் ஏற்றலாம், பயனரும் இறக்கிக்கொள்ளலாம், யாரையும் தடுக்கவில்லை என்பதும் அவர்கள் வாதம்.

கடைசி வாதம் காகிதத்தில் சரி. கடையில் நான் பார்ப்பது வேறு. போன் வாங்கிப் போகிறவர்களில் உலாவியை மாற்றிக்கொண்டவரை விரல் விட்டு எண்ணிவிடுவேன். முன்னால் இருப்பதைத்தான் கை தொடும்.

பிடிக்காவிட்டால் வேறு இயங்குதளம் போட வேண்டியதுதானே?

முயன்று பார்த்தார்கள். 2012 செப்டம்பரில் ஏசர் நிறுவனம் அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தில் ஒரு போனை வெளியிட இருந்தது. அதுவும் மாற்றப்பட்ட ஆண்ட்ராய்டுதான் என்று சொல்லிக் கூகுள் தரப்பிலிருந்து வந்த நெருக்கடியால் வெளியீடு கடைசி நேரத்தில் ரத்தானது. இரண்டாவது ஒப்பந்தத்தின் பல் அதுதான்.

ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் இன்னொரு சுவர் இருக்கிறது. தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுக்கு ஏன் எல்லாரும் போகிறார்கள்? வியாபாரி இருப்பதால் விவசாயி வருகிறார், விவசாயி வருவதால் வியாபாரி வருகிறார். பக்கத்தில் அதைவிட அழகாகக் கொட்டகை போட்டாலும் முதல் நாள் யார் போவது? மைக்ரோசாப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலையே 2014இல் வாங்கியும் விண்டோஸ் போனைக் காப்பாற்ற முடியவில்லை. 2017இல் வந்த ஜியோபோனில் இருந்தது கையோஎஸ் என்ற வேறொன்று. அதற்கு வாட்ஸ்அப் வர அடுத்த ஆண்டு செப்டம்பர் ஆனது, அதுவரை "வாட்ஸ்அப் வருமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் அதிகம். சென்னை ஐஐடியில் வளர்ந்த நிறுவனம் ஒன்று 2023இல் பார்ஓஎஸ் கொண்டுவந்தது. அதுவும் ஆண்ட்ராய்டு மூலநிரல் மேல் எழுந்ததுதான். ஆறு எல்லாருக்கும் இருக்கிறது என்று சொன்னேனே.

இந்த மாதிரி முன்பு நடந்ததுண்டா?

உண்டு. மைக்ரோசாப்ட் ஒரு காலத்தில், கணினித் தயாரிப்பாளர் அதன் டாஸ் இயங்குதளத்தைப் போட்டாலும் போடாவிட்டாலும் விற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் காசு வாங்கும் உரிம முறை வைத்திருந்தது. 1994இல் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டில் அதைக் கைவிட்டது. பிறகு உலாவியை விண்டோஸோடு கட்டியதற்காக 1998இல் இன்னொரு வழக்கு.

ஆண்ட்ராய்டு ஒப்பந்தங்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலையில் 434 கோடி யூரோ அபராதம் போட்டது. 2022இல் அங்குள்ள பொது நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தது. பிளவு தடுப்பு ஒப்பந்தத்துக்காகத் தென் கொரியா 2021இல் அபராதம் போட்டது. ஐரோப்பாவில் கட்டை அவிழ்க்கச் சொன்னதும் அங்கே விற்கும் போன்களில் பிளே ஸ்டோருக்குக் கூகுள் உரிமக் கட்டணம் வைத்தது. இலவசத்துக்கு விலை எவ்வளவு என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது.

நான் செயலி எழுதுகிறேன். கமிஷன் குறையுமா?

தஞ்சாவூர்த் தம்பி ஒருவர் கேட்டது. செயலிக்குள் டிஜிட்டல் பொருள் விற்றால்தான் கமிஷன். கும்பகோணம் வெற்றிலை விற்றால் கிடையாது. ஆண்டு வருமானத்தில் முதல் பத்து லட்சம் டாலர் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 30 என்பது இந்த வழக்குகள் நடந்த காலத்து விகிதம். ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு வேறு கட்டண வழியையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அந்த வழியில் வந்த பணத்துக்கும் கமிஷன் உண்டு, நான்கு புள்ளி மட்டும் குறைவு. வேறு வங்கி வழியாகப் பணம் வாங்கினால் அந்த வங்கிக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 936.44 கோடி அபராதமும் 2025 மார்ச்சில் தீர்ப்பாயத்தில் 216.69 கோடியாகச் சுருங்கியது.

உத்தரவுக்குப் பிறகு உங்கள் கடையில் என்ன மாறியது?

உண்மையைச் சொன்னால், கொஞ்சம்தான். 2023 ஜனவரியில், தயாரிப்பாளர்கள் செயலிகளைத் தனித்தனியாக உரிமம் பெறலாம், இந்தியப் பயனர்கள் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுள் அறிவித்தது. புதுப் போனை இயக்கும்போது அந்தத் தேர்வுத் திரை வந்தால் வாடிக்கையாளர் என் முகத்தைப் பார்ப்பார். "எது வேணும்?" என்றால் "எப்பவும் இருக்கிறதே போடுங்க" என்பார். ஐந்து விநாடியில் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலிவு போன்களில் நம்மை எரிச்சலூட்டும் விளம்பரச் செயலிகள், வீடியோ அறிவிப்புகள் எல்லாம் கூகுள் கட்டு இல்லை. அவற்றில் பல, தயாரிப்பாளரே காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவது. ஒரு கட்டு அவிழ்ந்தால் அந்த இடத்தில் அவர் இன்னொன்றைக் கட்ட மாட்டார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

டிவிக்கும் இதே கதையா?

அதே கதை, சின்ன அளவில். ஆண்ட்ராய்டு டிவி வழக்கு 2025 ஏப்ரலில் 20.24 கோடி ரூபாயோடு சமரசமாக முடிந்தது. டிவி தயாரிப்பாளர்கள் பிளே ஸ்டோரையும் பிளே சர்வீசஸையும் மட்டும் தனியாக உரிமம் பெறலாம் என்பது அதன் சாரம். இப்படிச் சமரசம் செய்ய வழி தந்ததே 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம்தான். அபராத உச்சவரம்பைக் கணக்கிட உலகளாவிய வருவாயை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் அதே திருத்தம்.

என்னைப் போன்றவர் ஆணையத்தில் புகார் கொடுக்க முடியுமா?

முடியும். தனிநபரும் தகவல் கொடுக்கலாம், கட்டணம் உண்டு, விஷயம் நடந்து மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் தென் மாநிலங்களுக்கான அலுவலகம் 2021இலிருந்து சென்னையில் இருக்கிறது. ஆனால் ஆணையம் பார்ப்பது சந்தைக்கு வந்த கேட்டை. உங்கள் போன் திரை வாங்கிய வாரமே போய்விட்டது, கடைக்காரர் மாற்றித் தரவில்லை என்றால் அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

போன வாரம் சார்ஜர் வாங்க வந்து, யூரியாவோடு பாக்கெட் திணித்த கடை மேலே டெல்லிக்கு எழுதலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: வேண்டாம் அண்ணே, அது உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலேயே முடிகிற காரியம். பில் வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.